மூன்றாவது லிஃப்டர்

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் இஞ்சின் பேச்சு கூடாது என்று கல்யாணமான புதிதிலேயே நீவா டாக்கெட் ஒரு சட்டம் போட்டிருந்தாள். அந்த வீட்டில் யாரும் ஒருநாளும் மதிக்காத சட்டம் அது. அன்றைக்கு மருமகன் டாரல் வந்த வேகத்தில், பீன்ஸ் சட்டிக்கும் சோள ரொட்டித் தட்டுக்கும் நடுவில் ஓர் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான்.

"எடுத்துப் பாருங்க பெரியவரே. தொட்டா ஒண்ணும் கடிக்காது."

எல்வின் கையைத் துடைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தான். எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய லிஃப்டர்கள், இஞ்சினின் வால்வுகளைத் தூக்கிவிடுகிறவை. கட்டைவிரல் பருமன், ஒவ்வொன்றின் அடியிலும் குட்டி உருளை. ஒன்றை எடுத்து உருளையை நகத்தால் சுழற்றிப் பார்த்தான். சோற்றில் முடி கிடந்தால் எப்படிப் பார்ப்பானோ அப்படிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தான்.

"சாலிட்."

"சாலிட்தான். வேற என்னத்தப் போடுறது?"

"ஹைட்ராலிக் போதும் உனக்கு."

"போன வருஷப் படகுப் பந்தயத்துல போதலையே!" டாரல் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். "அலையில படகு எம்புச்சு. விசிறி தண்ணிய விட்டுட்டுக் காத்துல சுத்துச்சு. இஞ்சின் ஏறுன ஏத்தத்துல உங்க ஹைட்ராலிக் லிஃப்டருக்குள்ள எண்ணெய் ரொம்பி, வால்வை மூடவே விடாம புடிச்சு வச்சுக்கிச்சு. இஞ்சின் சளி புடிச்ச கெழவனாட்டம் இருமுது. ஹாஸ்கெல் என்னைத் தாண்டிப் போறப்ப கையாட்டிட்டுப் போனான் தெரியுமா? கையாட்டுறான்!"

"ஆட்டுனா நீயும் ஆட்ட வேண்டியதுதானே," என்றாள் ரோண்டா. எல்வினுக்கும் நீவாவுக்கும் அவள் ஒரே மகள். பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பில் வேலை. "அப்பா, வெண்டைக்காய் வறுவல் ஆறுது. முதல்ல சாப்பிடு."

எல்வின் டாரலின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் யார் பேசினாலும் முகத்தைத்தான் பார்ப்பான். மாமனார் தன் பேச்சுக்கு இவ்வளவு மதிப்புத் தருகிறாரே என்று டாரலுக்கு அதில் ஒரு பெருமை.

"நான் சொல்றதக் கேளு," என்றான் எல்வின். "ஹைட்ராலிக்னா உள்ள எண்ணெய் இருக்கு. எங்க தேஞ்சாலும் அந்த எடத்த அதுவே ரொப்பிக்கும். மூடிய மாட்டிட்டு நீ வீட்டுக்குப் போயிரலாம். சாலிட் வெறும் இரும்பு. ஒவ்வொரு பந்தயத்துக்கும் மூடியத் தெறந்து கேப்ப, நடுவுல இருக்க எடைவெளிய, அளந்து பாக்கணும். மேல இருக்க ஸ்பிரிங் அந்தச் சின்ன உருளைய உயிர் போற மாதிரி அழுத்தும். அதுக்குள்ள இருக்கது ஊசி ஊசியா நாலு கம்பி. அது போச்சுன்னா மொத்த இஞ்சினும் போச்சு."

"போறதுக்கு முன்ன சத்தம் போடுமில்ல? சாலிட்டோட நல்ல குணமே அதுதானே. சொல்லிட்டுத்தான் சாகும். டிக்கு டிக்குன்னு." டாரல் கரண்டியால் தட்டில் தட்டிக் காட்டினான். "உங்க காதுகிட்ட இருந்து அது தப்பிக்குமா? ஆயில்டேல்ல எவன வேணா கேளுங்க, எல்வின் டாக்கெட் காதை வச்சாருன்னா இஞ்சின் பொய் சொல்லாதும்பான்."

நீவா எழுந்துபோய் யாரும் கேட்காத ஐஸ் டீயை எடுத்து வந்தாள்.

எல்வின் தலையைக் குனிந்து சோள ரொட்டியைப் பீன்ஸில் பிட்டுப் போட்டுக்கொண்டே சொன்னான்: "சாலிட் நான் இனிமே செய்யறதில்ல."

"ஏன்?"

தலை குனிந்திருந்ததால் அந்தக் கேள்வி அவனுக்குப் போய்ச் சேரவில்லை. அவன் பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தான். டாரலுக்கு முகம் சிவந்துவிட்டது.

"வயசாயிடுச்சுன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். பதில் சொல்லாம இருக்காதீங்க. நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

நீவா டீக்குவளையை வைக்கிற சாக்கில் எல்வினின் தோளைத் தொட்டாள். அவன் நிமிர்ந்தான்.

"யோசிக்கிறேங்கறாரு," என்றாள் அவள், டாரலைப் பார்த்து. "சாப்பிடு நீ."

*

எல்வினுக்குக் காது போனது ஒரே நாளில் அல்ல. வாலிபத்திலிருந்தே சைலன்ஸர் இல்லாத புகைக்குழாய்களுக்குப் பக்கத்தில் நின்றவன். காதில் பஞ்சு வைத்துக்கொள்பவனை அந்தக் காலத்தில் பொம்பளை என்பார்கள். முதலில் வெட்டுக்கிளிச் சத்தம் போயிற்று. அது போனதை யார் கவனிக்கப்போகிறார்கள்? பிறகு தொலைபேசி. பிறகு வீட்டுக்குப் பின்னால் எண்ணெய் இறைக்கும் இரும்புக் கமலைகளின் முனகல். கடைசியாக ஒருநாள், வீட்டு முன்கொட்டகைப் பட்டறையில், டிக் டிக்கென்று ஊருக்கே கேட்கிற மாதிரி அடித்துக்கொண்டிருந்த ஓர் இஞ்சினின் முன்னால் தலையைச் சாய்த்து நின்றுவிட்டு, "நல்லா இருக்கு, எடுத்துட்டுப் போ" என்று சொன்னான். சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த நீவா கையில் மாவோடு ஓடிவந்தாள். வந்தவள் வாயைத் திறக்கவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் நின்று, இடது தோளில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள். இஞ்சினின் இடது பக்கம், இரண்டாவது வால்வு. அவன் ஒரு கணம் அசையாமல் நின்றான். பிறகு இஞ்சின்காரனிடம், "இரு, இரு. இடது பக்கம் ரெண்டாவது கொஞ்சம் லூசா இருக்க மாதிரி இருக்கு," என்றான்.

அன்றைக்கு ஆரம்பித்தது ஆறேழு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. நகரத்துக்குப் போய்க் காதுக்கருவி வாங்கினார்கள். இஞ்சின் பக்கத்தில் அது தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி இருக்கிறது என்று கழற்றிக் காலுறை அலமாரியில் போட்டுவிட்டான். அவனுக்கு அவள் விரல் போதும். பார்க்கிறவர்கள், "இந்த வயசுலயும் புருஷன் தோள விடமாட்டேங்கறா பாரு," என்று சிரித்தார்கள். நீவா கேரட் பொட்டலம் கட்டும் கொட்டகையில் வேலை பார்த்தாள். அங்கே இயந்திர இரைச்சல் மண்டையைப் பிளக்கும். மற்றப் பெண்கள் வெறுங்காதோடு கத்திப் பேசிக்கொண்டிருக்க, அவள் ஒருத்திதான் காதில் அடைப்பானை அழுத்திச் செருகிக்கொண்டு ஊமைபோல் கேரட் பொறுக்குவாள். திமிர் பிடித்தவள் என்று பெயர். இருக்கட்டும் என்றிருந்தாள்.

அன்று சாப்பாடு முடிந்து மகளும் மருமகனும் போன பிறகு, பாத்திரம் கழுவும்போது அவனைத் தன் பக்கம் திருப்பி நிறுத்திச் சொன்னாள்:

"செஞ்சு குடு அவனுக்கு."

"எப்படிச் செய்யறது? ஹைட்ராலிக்னா பரவாயில்ல, தானா சரி பண்ணிக்கும். சாலிட்டக் கேட்டுக்கிட்டே இருக்கணும்டி. கேக்காதவன் கையில அதக் குடுக்கக் கூடாது."

"நான் இருக்கேன்ல."

"நீ எத்தன நாளைக்கு?"

"நான் செத்தா நீ இஞ்சினக் கல்லறைக்குக் கொண்டு வந்து ஸ்டார்ட் பண்ணு. எந்திரிச்சு வந்து கேட்டுச் சொல்லிட்டுப் படுத்துக்கறேன்."

அவன் சிரித்தான். சத்தம் எவ்வளவு என்று தெரியாமல் சிரிக்கிறவனின் பெரிய சிரிப்பு. பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "டாரல்கிட்ட உண்மையச் சொல்லிடலாமா?" என்று கேட்டான்.

"சொல்லு. அவன் ஹாஸ்கெல்கிட்ட சொல்லுவான். ஹாஸ்கெல் சாராயக் கடையில சொல்லுவான். அப்புறம் இந்தக் கொட்டாயிக்கு எவன் இஞ்சின் கொண்டு வருவான்?"

அது உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை என்று நீவாவுக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து இஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷன், காது போன பிறகுதான் அவள் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தான். அவள் உதட்டைப் பார்த்தான். அவள் விரலுக்காகக் காத்து நின்றான். இந்த வயதில் கிடைத்த அதை விட்டுவிட அவளுக்கு மனசில்லை.

*

சாலிட் லிஃப்டர் போட்டு இஞ்சின் கட்டினார்கள். கெட்டியான ஸ்பிரிங், புதிய கேம்ஷாஃப்ட், எல்லாம் அதற்குத் தோதாக. வேலை என்று வந்துவிட்டால் எல்வினிடம் குறை காண முடியாது. கண்ணும் விரலும் அப்படி. ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை இடைவெளியில் நுழைத்து இழுக்கும்போது அவன் கண்ணை மூடிக்கொள்வான். வெண்ணெயில் கத்தி போவதுபோல் இருக்க வேண்டும், இறுகவும் கூடாது, வழுக்கவும் கூடாது என்பான்.

வீட்டு முன்கொட்டகையில் தோட்டத்துக் குழாயிலிருந்து தண்ணீர் கொடுத்து முதல்முறை கிளப்பியபோது அக்கம்பக்கத்து நாய்கள் எல்லாம் ஓடி ஒளிந்தன. சாலிட் லிஃப்டருக்கென்று ஒரு பேச்சு உண்டு. ஹைட்ராலிக்போல் மௌனமாக இராது. தையல் மெஷின்கள் ஒரு கூட்டமாக ஓடுகிற மாதிரி ஓயாத சளசளப்பு. அந்தச் சளசளப்புக்குள் எது ஒழுங்கு, எது ஒழுங்கில்லை என்று பிரிக்க வேண்டும். நீவா கண்ணை மூடிக்கொண்டு அவன் பின்னால் நின்றாள். வலது தோளில் நான்கு தட்டு. அவன் அணைத்துத் திறந்து, நான்காவதைச் சரிசெய்து மறுபடி கிளப்பினான். அவள் உள்ளங்கையைத் தோளில் வைத்து அழுத்தினாள். சரி என்று அர்த்தம்.

"பாத்தியா!" என்று டாரல் ரோண்டாவின் இடுப்பைப் பிடித்துத் தூக்கிச் சுற்றினான். "காதுன்னா அது காது!"

அந்த வசந்தத்தில் படகு யார் கைக்கும் அகப்படவில்லை. தட்டையான அடிப்பாகமுள்ள சின்னப் படகு அது. இஞ்சினும் ஓர் ஆளும் தவிர அதில் வேறொன்றுக்கும் இடமில்லை. கிளம்பினால் மூக்குத் தூக்கிப் பறக்கும். அலையில் எம்பினாலும் இஞ்சின் இருமவில்லை, கத்திக்கொண்டே போயிற்று. இரண்டு பந்தயத்தில் டாரல் ஹாஸ்கெலைத் தோற்கடித்தான். எண்ணெய் வயலில் அவனோடு வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் தொப்பியைக் கழற்றிக் கும்பிடு போட்டார்கள். ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் எல்வின் மூடியைத் திறந்து கேப் பார்ப்பான். கிளப்பியதும் நீவா பின்னால் நிற்பாள். அவள் கை அழுத்திய பிறகுதான் அவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவான்.

"நீ சொன்னதுதான் சரி," என்றான் ஒருநாள் அவளிடம், வண்டியில் திரும்பி வரும்போது. "பயந்துக்கிட்டுச் செய்யாம இருந்திருந்தா நான் கெழவனாகவே ஆயிருப்பேன்."

*

ஆகஸ்ட் மாதப் பந்தயம் மலையடிவாரத்து ஏரியில். நிழலில் நின்றாலும் உடம்பு வேகிற வெயில். பள்ளத்தாக்கு முழுக்க பாதாம் மரங்களை உலுக்கிக் கொட்டுகிற பருவம், காற்றெல்லாம் மண்புழுதி. தொண்டையில் அரிப்போடுதான் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். ரோண்டா உருளைக்கிழங்கு சாலட்டும் பொரித்த கோழியும் ஐஸ் பெட்டியில் கொண்டுவந்திருந்தாள். யாருக்கும் தின்னப் பிடிக்கவில்லை.

படகைத் தண்ணீரில் இறக்கி எல்வின் முழங்கால் ஆழத்தில் நின்றுகொண்டிருந்தான். டாரல் மிதவைச் சட்டையும் தலைக்கவசமும் மாட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டான். நீவா செருப்பைக் கழற்றிவிட்டுப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் கால் வைத்தாள். பக்கத்துப் படகிலிருந்து ஹாஸ்கெல் குரல் கொடுத்தான். ஆள் நல்லவன், வாய்தான் சனியன்.

"வந்துட்டாங்கப்பா வீட்டம்மா! எல்வினு, பொண்டாட்டி கை வச்சாத்தான் உனக்கு இஞ்சின் ஸ்டார்ட் ஆகுமா?"

கரையில் நின்ற பத்துப் பேர் சிரித்தார்கள். எல்வினுக்கு வார்த்தை கேட்கவில்லை. ஹாஸ்கெல் கையால் தோளைத் தட்டித் தட்டிக் காட்டியதும், சிரித்த வாய்களும் தெரிந்தன. போதாதற்கு டாரலும் சிரித்துக்கொண்டிருந்தான்.

"நீ போயி நெழல்ல உக்காரு," என்றான் எல்வின் நீவாவிடம்.

"எல்வின்."

"ரோண்டாகிட்டப் போயி உக்காருங்கறேன்ல. எல்லாம் நான் பாத்துக்கறேன். போ."

அவன் குரல் தேவைக்கு மேல் உரத்து வந்தது. எல்லாரும் பார்த்தார்கள். நீவா செருப்பை எடுத்துக்கொண்டு போய் மகள் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தாள். காலில் ஒட்டிய ஈரம் அதற்குள் காய்ந்துவிட்டது.

டாரல் இஞ்சினைக் கிளப்பினான். நாலா பக்கமும் மற்ற படகுகளின் இரைச்சல், ஒலிபெருக்கியின் கத்தல். அத்தனைக்கும் ஊடே அந்தச் சளசளப்பு அவளைத் தேடி வந்தது, கூட்டத்தில் தன் பிள்ளையின் அழுகை மட்டும் தனியாகக் கேட்கிற மாதிரி. அதற்குள் ஒரு டிக். காய்ந்த, கூர்மையான டிக். இடது பக்கம். ஒன்று, இரண்டு, மூன்றாவது. ஒருவேளை கேப் கொஞ்சம் விலகியிருக்கலாம். இல்லை, கேப் விலகினால் இப்படி அடிக்காது. அடி விழுந்து விழுந்து வந்தது, நொண்டுகிற மாதிரி.

எல்வின் இஞ்சின்மேல் தலையைச் சாய்த்து நின்றான், அவன் எப்போதும் நிற்பதுபோலவே. கொஞ்சநேரம் அப்படியே நின்றான். பிறகு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

நீவா எழுந்து நின்றுவிட்டாள்.

"என்னம்மா?" என்றாள் ரோண்டா.

கத்தினால் அவனுக்குக் கேட்காது. ஓடிப்போய்த் தண்ணீரில் இறங்கி அவன் கையைப் பிடித்து இழுக்க வேண்டும். ஹாஸ்கெல் பார்ப்பான். டாரல் பார்ப்பான். கேட்காத இவனுக்குப் பதில் இவள்தான் கேட்கிறாள் என்று அந்த ஏரிக்கரை முழுக்க ஒரே நொடியில் தெரிந்துபோகும். போ என்று சொன்ன அந்த முகத்தை அவள் நினைத்தாள். ஒரே ஓட்டம்தானே, வந்ததும் சொல்லிக்கொள்ளலாம். இஞ்சின் போனால் போகட்டும், வேறு கட்டிக்கொள்ளலாம்.

"ஒண்ணுமில்லடி. கால் மரத்துப்போச்சு," என்றாள்.

படகு போயிற்று.

பாதி தூரம்வரை டாரல்தான் முன்னால். பிறகு கரையில் இருந்தவர்களுக்கு ஒரு சத்தம் கேட்டது, பெரிய சங்கிலி ஒன்று அறுந்து தகரத்தில் விழுந்த மாதிரி. அதோடு இஞ்சின் நின்றது. ஓடி ஓய்ந்து நிற்கவில்லை, இறுகி நின்றது. அந்த வேகத்தில் விசிறி நின்றதும் படகைப் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்ததுபோல் மூக்கு தண்ணீரில் குத்தியது. படகு பக்கவாட்டில் திரும்பிப் புரண்டது. டாரல் தூக்கி எறியப்பட்டான். வீசிய தட்டைக்கல்போல் தண்ணீர்மேல் பட்டுப் பட்டுப் போய் அடங்கினான். முதலில் போய் அவன் தலையைத் தண்ணீருக்கு மேல் தூக்கிப் பிடித்தவன் ஹாஸ்கெல்.

*

டாரல் சாகவில்லை. கழுத்தெலும்பு முறிந்து, கையும் நெஞ்சுக்குக் கீழே உடம்பும் உணர்வில்லாமல் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறையில் கட்டில் போட்டார்கள். ரோண்டா அவனுக்கு ஸ்பூனில் ஊட்டினாள், துடைத்தாள், புரட்டிப் படுக்க வைத்தாள். வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அப்பா வந்தால் மட்டும் அறையை விட்டு எழுந்து போய்விடுவாள். டாரல் கூரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் பேசுவான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற எல்வினுக்கு அவன் உதடு சரியாகத் தெரியாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வருவான். ஒருநாள், "எனக்கு எதுக்கு இந்த உசுரு, பெரியவரே?" என்று டாரல் கேட்டதற்கும் எல்வின் தலையாட்டிப் புன்னகைத்ததை நீவா பார்த்தாள். அதற்குப் பிறகு அவனைத் தனியாக அங்கே போக விடவில்லை.

ஹாஸ்கெல் ஒரு பாத்திரம் நிறைய மாட்டுக்கறிக் குழம்போடு வந்து, வாசற்படியிலேயே நின்று குலுங்கிக் குலுங்கி அழுதுவிட்டுப் போனான்.

ஏரியிலிருந்து மீட்ட படகும் இஞ்சினும் எல்வினின் கொட்டகைக்கு வந்தன. பல நாள் அவன் அதைத் தார்ப்பாயால் மூடியே வைத்திருந்தான். பிறகு தனியாக உட்கார்ந்து பிரித்தான். கேட்டவர்களிடம் எல்லாம், "ஒரு லிஃப்டர் உள்ள ஊசி ஒடஞ்சிருக்கு. எறும்பு மாதிரி மொத்த இஞ்சினுக்குள்ளயும் போயிருக்கு," என்று மட்டும் சொன்னான். எந்த லிஃப்டர் என்று யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

நீவாவிடம் மட்டும் ஒருநாள் சாப்பிடும்போது, "சத்தம் போட்டிருக்குமா?" என்று கேட்டான். அவள் வாயைத் திறப்பதற்குள் அவனே பதிலும் சொல்லிக்கொண்டான். "நீ எங்கயோ தள்ளி உக்காந்திருந்த. நான்தானே போன்னேன். அந்த எரைச்சல்ல உனக்கு எங்க கேட்டிருக்கப் போவுது."

அவள் தட்டைப் பார்த்தாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவன் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டான். அப்போதிருந்து அவள் கேரட் கொட்டகையில் அடைப்பான் இல்லாமலே நின்றாள். இனி யாருக்காக இந்தக் காது என்றிருந்தது. பக்கத்தில் நின்ற பெண் கவனித்துவிட்டு, "என்ன நீவா, இப்பத்தான் எங்க பேச்சக் கேக்கணும்னு தோணுச்சா?" என்றாள். நீவா அவளைப் பார்த்து ஆமாம் என்று தலையசைத்தாள்.

*

பள்ளத்தாக்கில் முதல் மூடுபனி இறங்கத் தொடங்கிய காலம். மதியம்தான் வெயில் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். ஒரு மதியத்தில் ரோண்டா வந்தாள். கொட்டகையில் கிடக்கும் டாரலின் கருவிப் பெட்டியை எடுத்துப்போய் விற்க வேண்டும் என்றாள். நீவா அவளோடு கொட்டகை வாசல்வரை போனாள்.

எல்வின் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மண்ணெண்ணெய்த் தொட்டியில் இஞ்சின் பாகங்களைத் தூரிகையால் கழுவிக்கொண்டிருந்தான். இனி எதற்கும் உதவாத பாகங்கள். ஒவ்வொன்றாகக் கழுவித் துணியில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான்.

ரோண்டா கருவிப் பெட்டியைத் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே வைத்துவிட்டாள்.

"ஏம்ப்பா, கழுவுனா வந்திருமா?" என்றாள்.

தூரிகை ஓடிக்கொண்டிருந்தது.

"உன்னத்தான் கேக்கறேன். கட்டவெரலத் தூக்கிக் காட்டுனியே, என்னத்தக் கேட்டுட்டுக் காட்டுன? அவன் உன்னத்தானே நம்புனான்? நேத்து என்ன சொன்னான் தெரியுமா? தலகாணிய எடுத்து மூஞ்சில வச்சு அழுத்துங்கறான். என்கிட்ட கேக்கறான் அத. நீ அவனக் கொன்னுருந்தாக்கூடப் பரவாயில்ல. பாதியில விட்டுட்டியே."

எல்வின் ஒரு பிஸ்டனைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, திரும்பத் தொட்டியில் அமிழ்த்தினான்.

"பாரு," என்றாள் ரோண்டா அம்மாவிடம், குரல் உடைந்து. "திரும்பிக்கூடப் பாக்கல. இவ்வளவு சொல்றேன், கல்லு மாதிரி நிக்கறாரு."

"அவருக்குக் கேக்கலடி."

"என்னது?"

"உங்கப்பாவுக்குக் காது கேக்காது. ரொம்ப நாளாச்சு."

ரோண்டா சிரிக்கப் போனவள் நின்றாள். அப்பாவின் முதுகைப் பார்த்தாள். "அப்பா," என்று கூப்பிட்டாள். பிறகு இன்னும் உரக்க. தூரிகை ஓடிக்கொண்டே இருந்தது.

"அப்ப இஞ்சினெல்லாம்? யாரு கேட்டது?"

"நான்தான். பின்னால நின்னு தோளத் தட்டிச் சொல்லுவேன்."

 ரோண்டாவின் முகத்தில் ஏதோ மெல்ல ஓடி ஓர் இடத்தில் வந்து நிற்பதை நீவா பார்த்துக்கொண்டே இருந்தாள். தடுக்க அவளுக்குத் தோன்றவில்லை.

"அன்னைக்கு நீ என் பக்கத்துல உக்காந்திருந்த," என்றாள் ரோண்டா மெதுவாக. "திடீர்னு எந்திரிச்ச. என்னம்மான்னு கேட்டேன்."

"ஆமா."

"கால் மரத்துப்போச்சுன்ன."

"எனக்குக் கேட்டுச்சு ரோண்டா."

ரோண்டா அம்மாவை அடிக்கவில்லை, திட்டவில்லை. பெட்டியையும் எடுக்காமல் நடந்துபோய், தெருவில் நின்ற தன் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கிளம்பவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கதவு சாத்திய அதிர்வு தரை வழியாக வந்ததோ என்னவோ, எல்வின் திரும்பினான். நீவாவைப் பார்த்தான், தெருவில் வண்டியைப் பார்த்தான்.

"ரோண்டாவா? எப்ப வந்தா? ஏன் உள்ள வராமப் போறா?"

நீவா அவன் எதிரில் வந்து நின்றாள். 

"எனக்குக் கேட்டுச்சு," என்றாள்.

உதடு நடுங்கியதில் அவனுக்குப் படிக்க முடியவில்லை. "என்ன?"

"அன்னைக்கு எனக்குக் கேட்டுச்சு எல்வின்."

"அழாம சொல்லுடி. என்ன?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மூச்சை இழுத்துக்கொண்டு, பிள்ளை பெற்றபோதுகூடக் கத்தாத கத்தலாகக் கத்தினாள்:

"அன்னைக்கு ஏரியில இஞ்சின் சத்தம் போட்டுச்சு! எனக்குக் கேட்டுச்சு! உன் மானம் போயிருமேன்னு நான் சொல்லல! எனக்குக் கேட்டுச்சு!"

எதிர்வீட்டில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவள் குழாயை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டியில் ரோண்டா தலையைத் தூக்கினாள். தெருக்கோடியில் யாரோ கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள்.

எல்வினின் கையிலிருந்து மண்ணெண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான், இன்னும் ஏதாவது வருமா என்பதுபோல.

"எந்தப் பக்கம்?" என்றான் கடைசியில்.

"இடது பக்கம்."

"எத்தனாவது?"

அவள் மூன்று விரலைக் காட்டினாள்.

அவன் துணியில் வரிசையாக வைத்திருந்த லிஃப்டர்களைப் பார்த்தான். அதில் ஒன்று மட்டும் உருளையில்லாமல், அடிப்பாகம் பிய்ந்து கிடந்தது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "ஆமா. அதான்," என்றான்.

அதற்கப்புறம் அவன் ஒன்றும் கேட்கவில்லை.